தொக்குக்கு ஓர் இத்தாலிய மச்சான்

கேள்வி: பாஸ்தா சாஸ் பாட்டிலின் விலையைப் பார்த்தாலே மயக்கம் வருகிறது. வீட்டில் மலிவாகச் செய்ய வழி உண்டா?
(புதுமணப்பெண், கம்மாபுரம்)

பதில்: அரைக் கிலோ தக்காளி, ஒரு பெரிய வெங்காயம், ஆறு பல் பூண்டு, மூன்று மேஜைக்கரண்டி கடலை எண்ணெய், உப்பு, அரை ஸ்பூன் மிளகாய்த்தூள். நறுக்கிய பூண்டை எண்ணெயில் போட்டு, சிவக்கும் முன்பே வெங்காயத்தைக் கொட்டுங்கள். பூண்டு கருகினால் சாஸ் கசக்கும், அதற்குப் பரிகாரம் இல்லை. வெங்காயம் கண்ணாடி போல் ஆனதும் தக்காளி. பிறகு சிறு தீயில் அரை மணி நேரம். மூடி வேண்டாம், நீர் வற்ற வேண்டுமே! எண்ணெய் ஓரத்தில் பிரிந்தால் இறக்கலாம். கடுகும் பெருங்காயமும் ஞாபகத்துக்கு வராவிட்டால் சாஸ். வந்துவிட்டால் தொக்கு.

கேள்வி: நாட்டுத் தக்காளியா, பெங்களூர்த் தக்காளியா?
(சந்தைக்குத் துரத்தப்படும் கணவர், மந்தாரக்குப்பம்)

பதில்: நாட்டுக்குப் புளிப்பு, பெங்களூருக்குச் சதை. பாதிக்குப் பாதி வாங்குங்கள். காலையில் போகாதீர்கள். சந்தை கலையும் நேரத்தில், அதிகம் கனிந்ததையும் நசுங்கியதையும் கூறு கட்டி வைத்திருப்பார்கள். சாலட்டுக்குத்தான் அழகு தேவை, சாஸுக்கு இல்லை. பூசணம் பிடித்ததையும் புளித்த வாடை அடிப்பதையும் மட்டும் விட்டுவிடுங்கள். கனிந்ததற்கும் அழுகியதற்கும் வித்தியாசம் புரியாதென்றால் வீட்டம்மாவையே அனுப்பிவிடுங்கள். உங்களைத் தேர்ந்தெடுத்ததில் அவருக்கு ஏற்கெனவே அனுபவம் உண்டு.

கேள்வி: தக்காளி விதையை எடுத்துவிட வேண்டுமாமே?
(சமையல் வீடியோ பார்ப்பவர், நெய்வேலி)

பதில்: நாக்குக்கு ‘இன்னும் கொஞ்சம்’ என்று தோன்றவைக்கும் குளுடமேட், சதையைவிட விதையைச் சுற்றியுள்ள கொழகொழப்பில்தான் அதிகம். ருசியைக் குப்பையில் போட்டுவிட்டு அஜினமோட்டோ வாங்கக் கடைக்குப் போகிறார்கள். தோல் மட்டும் போகட்டும்: அடியில் கத்தியால் ஒரு கீறல், கொதிநீரில் அரை நிமிடம், தானே கழன்று வரும்.

கேள்வி: ஆலிவ் எண்ணெய் இல்லாமல் அந்த வெளிநாட்டு ருசி வருமா?
(கல்லூரி மாணவர், விருத்தாசலம்)

பதில்: தம்பி, உங்கள் ஊர் ஆராய்ச்சி நிலையம் ‘வி.ஆர்.ஐ.’ என்று ஊர்ப்பெயரின் எழுத்தையே முத்திரையாகக் குத்தி நிலக்கடலை ரகங்களை வெளியிட்டிருக்கிறது. செக்கெண்ணெய் பக்கத்திலேயே கிடைக்கிறது. தக்காளிக்குச் சிவப்பு தரும் லைகோபீன் கொழுப்பில் கரையும் சரக்கு. வெந்து, எண்ணெயோடு சேர்ந்தால்தான் உடம்பு அதை நன்றாக ஏற்கும். எந்த எண்ணெய் என்று அது பாஸ்போர்ட் கேட்பதில்லை.

கேள்வி: பேசில், ஆரிகனோவுக்கு எங்கே போவது?
(பெண்ணாடம் வாசகி)

பதில்: கொல்லைப்புறத்துக்கு. திருநீற்றுப் பச்சிலைதான் பேசில். ரோஸ்மில்க்கில் மிதக்கும் சப்ஜா விதைக்கு அதுவே தாய். இறக்கும்போது நாலைந்து இலையைக் கிள்ளிப் போடுங்கள். ஆரிகனோவுக்குப் பதில் கற்பூரவள்ளி: இரண்டும் துளசிக் குடும்பம், இரண்டின் வாசனையிலும் கார்வக்ரால் உண்டு. ஓர் இலை போதும். மூன்று போட்டால் பாஸ்தா சாப்பிடும் சாக்கில் சளி மருந்து.

கேள்வி: கிரீம், சீஸ் விலை கட்டுப்படியாகவில்லை.
(பண்ருட்டி ஆசிரியை)

பதில்: முந்திரி விளையும் பண்ருட்டியில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்கலாமா டீச்சர்? முழு முந்திரி வேண்டாம், உடைந்த பருப்பு மலிவு. ஒரு சின்னக் கைப்பிடியை வெந்நீரில் ஊறவைத்து, மைய அரைத்துக் கடைசியில் கலக்குங்கள். முந்திரி பிரேசிலிலிருந்து போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தது. தக்காளியின் பூர்வீகம் ஆண்டிஸ் மலைப்பக்கம். நிலக்கடலையும் தென்னமெரிக்கா, மிளகாயும் அந்தப் பக்கத்து ஆள். சட்டியைத் திறந்து பாருங்கள்: நம் தரப்பில் ஆஜராகியிருப்பது மரக்காணம் உப்பும் கொல்லைப்புறத்து இலையும்தான்.

கேள்வி: தக்காளி சாஸ் இத்தாலியின் புராதனச் சொத்துதானே?
(வரலாறு படிப்பவர், சேத்தியாத்தோப்பு)

பதில்: நேப்பிள்ஸில் அந்தோனியோ லத்தீனி என்பவர் 1690களில் ஒரு சமையல் நூலில் தக்காளி சாஸைக் குறித்துவைத்தார். அவரே அதற்கு ‘ஸ்பானிய பாணி’ என்று பட்டம் கொடுத்துவிட்டார்! அதைப் பாஸ்தாவோடு சேர்த்துப் பேசும் குறிப்பு வர இன்னும் சுமார் நூறு வருடம் பிடித்தது. தேவாரம் பெற்ற விருத்தாசலம் பழமலைநாதர் பார்வையில் இந்தச் சம்பந்தம் நேற்றுச் சாயங்காலம் முடிந்தது.

கேள்வி: பாஸ்தா மேல் கெட்சப் ஊற்றிச் சாப்பிடலாமா?
(விடுதி மாணவர்)

பதில்: வார்டன் பார்க்காதபோது எதையும் செய்யலாம்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பீங்கான் ஜாடியில் சாஸை ஊற்றி வைத்தால் ஊறுகாய் மாதிரி வருஷக்கணக்கில் நிற்குமா?
(பீங்கான் தொழிலாளி, விருத்தாசலம்)

பதில்: பீங்கானுக்கென்றே பயிலகம் வைத்திருக்கும் ஊர்க்காரர் கேட்கிறீர்கள், சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். ஊறுகாயைக் காப்பது ஜாடி இல்லை. உப்பும் எண்ணெயும் புளிப்பும். சாஸில் உப்பு நாக்களவு, ஆகவே ஆயுளும் குறைவு. ஃப்ரிட்ஜில் நாலு நாள், அதற்குமேல் ஆசைப்படாதீர்கள்.

ஆனால் ஜாடியின் பெருமை வேறு. தக்காளியின் அமிலம் அலுமினியத்தை மெல்ல அரிக்கும். அதிக வெப்பத்தில் சுட்ட பீங்கானிடம் அதன் ஜம்பம் பலிக்காது. ஒரே எச்சரிக்கை: ஈயம் கலந்த மெருகு பூசிய மலிவு அலங்காரச் சாமானில் புளிப்பை வைக்கவே கூடாது, ஈயம் உணவில் இறங்கும். பூச்சாடி பூவுக்கு.

கேள்வி: தக்காளி விலை திடீரென்று ஏறிவிட்டால்?
(கணக்குப் பார்க்கும் குடும்பத்தலைவி, ஸ்ரீமுஷ்ணம்)

பதில்: 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, சென்னை ரேஷன் கடைகளில் அரசே 60 ரூபாய்க்கு விற்க வேண்டியதாயிற்று. வேறு மாதங்களில் பறிகூலிக்குக் கட்டாமல் விவசாயி அதையே சாலையோரம் கொட்டுகிறார். கொட்டுகிற மாதத்தில் ஐந்து கிலோ வாங்கிக் காய்ச்சி, ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வையுங்கள். விலை ஏறியபின் சாஸ் காய்ச்சுவது மாப்பிள்ளை விருந்துக்கு மட்டுமே நியாயம்.

கேள்வி: புளிப்பு தூக்கலாகிவிட்டது. சர்க்கரையா, சோடா உப்பா?
(அவசரக்காரர்)

பதில்: சர்க்கரை புளிப்பை மறைக்கும், சோடா உப்பு தீர்த்துக்கட்டும். நான் மறைக்கும் கட்சி: ஒரு சிட்டிகை வெல்லம்.

கேள்வி: பாஸ்தா வெந்த தண்ணீரை என்ன செய்வது?
(சிக்கனச் சிகாமணி, நெய்வேலி)

பதில்: ஒரு கரண்டியைச் சாஸில் ஊற்றுங்கள். அதிலுள்ள மாவுச்சத்து எண்ணெயையும் தக்காளியையும் பிரியவிடாது. சாஸ் வழுக்கி ஓடாமல் பாஸ்தாவில் ஒட்டும். கஞ்சித் தண்ணீரின் அருமை தெரிந்த ஜனங்களுக்கு இதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: எல்லாம் செய்துவிட்டேன். மாமியார் பாஸ்தாவைக் கையால் தொடமாட்டேன் என்கிறார்!
(மறுபடியும் அதே புதுமணப்பெண்)

பதில்: நியாயமான பேச்சு. முள்கரண்டி எடுத்துக் கொடும்மா.