ஒரு கிராம் விருந்தாளி

பத்து வருஷம் துரத்திப் போய் வால் நட்சத்திரத்தில் இறங்கிய ஃபைலி விண்கலம், தரையைத் தொட்டதும் துள்ளிவிட்டதாமே! பிடித்து நிற்கத் தெரியாதா?

பூமியில் 100 கிலோ உள்ள அந்தக் கலத்துக்கு 67பி வால் நட்சத்திரத்தில் எடை வெறும் ஒரு கிராம் அளவுதான். நீங்களாக இருந்தால் நிற்பீர்களா? தரையைக் குத்திப் பிடிக்க ஈட்டிகள் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். தரையிறங்கிய 2014 நவம்பர் 12 அன்று அவை பாயவில்லை. மேலிருந்து அழுத்த வேண்டிய வாயு உந்தியும் இயங்கவில்லை. முதல் துள்ளலில் எழும்பிய உயரம் சுமார் ஒரு கிலோமீட்டர். திரும்பிக் கீழே வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம்! கடைசியில் வெயில் சரியாக எட்டாத பாறை இடுக்கில் போய்ச் செருகிக்கொண்டது. பேட்டரி தாங்கியது இரண்டரை நாள். அதற்குள் படம் எடுத்து, வாயுக்களை முகர்ந்து, தரையைத் தட்டிப் பார்த்து எல்லாவற்றையும் அனுப்பிவிட்டது. இதைத் தோல்வி என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எந்த இடுக்கு என்று தெரியாமல் தொலைந்த ஃபைலியை அப்படியே விட்டுவிட்டார்களா?

விடுவார்களா? இருக்கும் இடம் தெரிந்தால்தானே அது அனுப்பிய தகவலுக்கு முழு மதிப்பு! 2016 செப்டம்பர் 2 அன்று, ஃபைலியைச் சுமந்து போய், வால் நட்சத்திரத்தைச் சுற்றிவந்த தாய்க்கலம் ரோசெட்டா 2.7 கிலோமீட்டர் தூரத்திலிருந்து எடுத்த படத்தில் ஃபைலி அகப்பட்டது. ரோசெட்டாவின் பயணம் முடிய அப்போது நான்கு வாரம்தான் பாக்கி.

அந்த வால் நட்சத்திரத்துக்கு வாசனை உண்டா?

மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள்: அழுகிய முட்டையின் ஹைட்ரஜன் சல்பைடு, குதிரை லாயத்து அம்மோனியா. அந்த நாற்றத்துக்கு நடுவில்தான் கிளைசினும் இருந்தது. நம் உடம்பின் புரதங்களைக் கட்டும் அதே அமினோ அமிலம்.