லென்ஸ் இலக்கணம்: காடும் களமும் சார்ந்த ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

தமிழில் எழுத்துக்கு இலக்கணம் உண்டு. யாப்புக்கும் அணிக்கும் உண்டு. மாட்டுக்கு வாகடம் எழுதியவர்கள் குதிரையின் சுழியையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் பறக்கும் நாரையையும் பாயும் காளையையும் படம்பிடிக்க எந்தக் காமிரா, எந்த லென்ஸ் என்று வரையறுக்க மட்டும் ஒரு நூற்பாகூட இல்லை. இக்குறையால் விளைந்த கேடுகள் மூன்று. முதலாவது, வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நாரையைப் பார்ப்போரைவிடப் பக்கத்து ஆளின் லென்ஸைப் பார்ப்போர் பெருகியமை. இரண்டாவது, மாதத் தவணை. மூன்றாவது, மாதத் தவணை பற்றி வீட்டில் நிலவும் மௌனம்.

இவ்வாய்வின் எல்லைகள் இரண்டு: காட்டுயிருக்கு வேடந்தாங்கல் ஏரி, களவிளையாட்டுக்கு அலங்காநல்லூர் வாடிவாசல். ஒன்றில் சிறகு, மற்றதில் திமில். இரண்டையும் ஒரே ஏட்டில் கட்டலாமோ என்று ஐயுறுவோர் கலித்தொகையை நினைவுகூர்க. ஏறு தழுவுதல் அங்கே முல்லைக்கலியில்தான் வருகிறது. முல்லை என்பதோ காடும் காடு சார்ந்த இடமும். ஆக, காட்டுயிரும் காளையும் ஒரே திணை. வேடந்தாங்கல் ஏரியாயிற்றே, அது மருதமல்லவா என்று வினவுவோருக்குத் திணைமயக்கம் என்ற ஒன்று உண்டு என்பதே விடை.

இதிலிருந்து பிறக்கும் ஆய்வு வினா: திணை ஒன்றானால் லென்ஸும் ஒன்று போதுமா?

2. முன்னோர் மொழிந்தவை

இத்துறையின் முதல் ஆசிரியர் எட்வர்ட் மைபிரிட்ஜ். ஓடும் குதிரையின் நான்கு குளம்புகளும் ஒரு கணமேனும் தரையை விட்டு எழுகின்றனவா என்பது அன்றைய பெருவழக்கு. 1878-இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஓடுபாதை நெடுக வரிசையாகக் காமிராக்களை நிறுத்தி, எழுகின்றன என்று அவர் நிறுவினார். ஒரு படத்துக்கு ஒரு காமிரா என்ற அவருடைய கொள்கையை இன்றைய வாடிக்கையாளர் பலர் தம்மை அறியாமலே பின்பற்றுகிறார்கள்.

இரண்டாம் ஆசிரியர் பிரான்ஸின் எத்தியேன்-ஜூல் மாரே. 1882-இல் அவர் துப்பாக்கி வடிவில் ஒரு காமிரா செய்து, பறக்கும் பறவையைக் குறிபார்த்தார். அது வினாடிக்கு 12 படம் எடுத்தது. 2016-இல் பறவைப் படக்காரர்களின் கனவாக வந்த நிக்கான் டி500 எடுத்தது வினாடிக்கு 10. இடைப்பட்ட 134 ஆண்டுகளில் அறிவியல் வளர்ந்ததை இவ்வெண்களே காட்டும்.

மூன்றாம் ஆசிரியர் நம்மவர்: மா. கிருஷ்ணன் (1912–1996), நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். பல பாகங்களைத் தாமே இணைத்து அமைத்துக்கொண்ட காமிராவால் காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். அவரது கருவிக்குத் தானியங்கிக் குவியம் இல்லை. விலங்கின் கண்ணைத் தேடிப் பிடிக்கும் நுண்ணறிவும் இல்லை. அந்த இரண்டு வேலைகளையும் அவரே செய்துகொண்டார். இந்த முறை பின்னாளில் கைவிடப்பட்டது ஏன் என்பது தனி ஆய்வுக்குரியது.

3. ஐந்திணைப் பாகுபாடு

குறிஞ்சி: ஆனைமலைச் சோலைக்காடு. பகலிலும் இருட்டு. சிங்கவால் குரங்கு கறுப்பு. நிற்கும் இடமும் கறுப்பு. இங்கே லென்ஸின் நீளத்தைவிடத் துளையின் அகலமே பெரிது. எஃப் 2.8 துளை, எஃப் 5.6 துளையைப்போல் நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். இத்திணைக்குப் புணர்தல் உரியது. எஃப் 4 துளையுள்ள 600 மி.மீ. லென்ஸோடு ஒருவர் புணர்வது, பத்து லட்சம் ரூபாயைத் தாண்டிய பிறகே.

நெய்தல்: பழவேற்காடு, கோடியக்கரை. பூநாரைக் கூட்டம். உப்புக்காற்று. பொருத்துவாயில் ரப்பர் வளையமும் இடுக்குகளில் ஈரத்தடுப்பும் இல்லாத கருவியைக் கொண்டு செல்வோர்க்கு உரிப்பொருள் இரங்கல்.

பாலை: எந்த நிலமாயினும் நண்பகலுக்கு மேல். சூடேறிய மண்ணிலிருந்து எழும் காற்று ஒளியை வளைக்கும். அந்நேரத்தில் தொலைவிலுள்ள மான் நெளியும், மலையும் நெளியும். எவ்வளவு விலைகொடுத்த லென்ஸும் அந்த நெளிவைப் பெரிதாக்கியே தரும். படத்தை விட்டுக் கூர்மை பிரிவதால் உரிப்பொருள் பிரிதல். லென்ஸ் பழுது என்று கடைக்குத் திருப்பி எடுத்துச் செல்லப்படுபவற்றுள் இவ்வகையும் அடங்கும் என்க.

மருதம்: ரசீது வீட்டாரின் கண்ணில் படும் இடம். உரிப்பொருள் ஊடல். விளக்கம் வேண்டா.

முல்லை: இதன் உரிப்பொருள் இருத்தல். அதாவது, காத்திருத்தல். இவ்வேட்டின் மையம் இதுவே. பின்வரும் இரண்டு நிரூபணங்களும் இதை நோக்கியே செல்கின்றன.

4. ஏரிக்கரை நிரூபணம், அல்லது எடைத் தேற்றம்

முதற்கண் அனைவரும் ஏற்ற ஒரு விதி: ஒருவருக்குத் தேவையான குவியத்தூரம் அவரிடம் இருப்பதைவிட எப்போதும் 100 மி.மீ. கூடுதல். 300 வைத்திருப்பவர் 400-ஐ நாடுவார். 500 வைத்திருப்பவர் 600-ஐ. 600 வைத்திருப்பவர் டெலிகன்வெர்ட்டரை நாடுவார்; 1.4 மடங்கு கன்வெர்ட்டர் ஒளியில் பாதியையும், 2 மடங்கு முக்காலையும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அவருக்குத் தரும். சிறிய சென்சார் காமிராவில் மாட்டினால் 400-ஏ 600 ஆகிவிடும் என்று ஒரு கட்சி உண்டு. ஆவதில்லை, படத்தின் ஓரம் வெட்டுப்படுகிறது, அவ்வளவே. ஆயினும் மலிவான கட்சி என்பதால் அதைக் கண்டிக்காது விடுகிறோம்.

இனிக் கணக்கு. வெண்மார்பு மீன்கொத்தியின் நீளம் ஏறத்தாழ 28 செ.மீ. 30 மீட்டர் தொலைவில் ஒரு கிளையில் அமர்ந்திருக்கிறது. 600 மி.மீ. லென்ஸ் வழியே சென்சாரில் விழும் அதன் உருவம் 5.6 மி.மீ. முழு அளவுச் சென்சாரின் உயரம் 24 மி.மீ.; ஆகவே பறவை சட்டத்தில் கால் பங்குகூட இல்லை. உருவத்தை இரட்டிப்பாக்க வழிகள் இரண்டே. ஒன்று, லென்ஸை 1200 மி.மீ. ஆக்குவது. மற்றொன்று, தொலைவை 15 மீட்டர் ஆக்குவது.

முதல் வழிக்குக் கேனான் ஒரு 1200 மி.மீ. எஃப் 5.6 லென்ஸைச் செய்திருக்கிறது. அதன் எடை 16.5 கிலோ. பரவலாகப் புழங்கும் சோனி 200–600 லென்ஸின் எடை 2.1 கிலோ. வித்தியாசம் 14.4 கிலோ. ஆகவே தேற்றம்: மீன்கொத்தி 15 மீட்டர் நெருங்கி வருவதன் மதிப்பு 14 கிலோ 400 கிராம் கண்ணாடியும் இரும்பும் ஆகும்.

இரண்டாம் வழிக்கு எடை இல்லை. நாம் நெருங்கினால் பறவை பறந்துவிடும். அசையாமல் இருந்தால் அதுவே வரும். மீன்கொத்தி தனக்குப் பழகிய கிளைக்கே மீண்டும் மீண்டும் திரும்பும் இயல்புடையது. அந்தக் கிளையைக் கண்டுகொண்டு, அதற்கு 15 மீட்டரில் முன்கூட்டியே அமர்ந்துவிட்டால் 14.4 கிலோவும் இலவசம்.

வேடந்தாங்கலில் இந்தத் தேற்றத்தைப் புகைப்படக்கலை பிறக்கும் முன்பே நிறுவியவர்கள் உண்டு. ஏரியில் கூடு கட்டும் பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று 1798-லேயே கலெக்டரிடம் கவுல் என்னும் உறுதிச்சீட்டைப் பெற்ற ஊரார் அவர்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்கள் கணக்கு. நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் இன்று ஏரிக்கரைக்கு அருகேயே அச்சமின்றிக் கூடு கட்டுகின்றன என்றால், அந்த நெருக்கத்தை ஈட்டியவர்கள் அவர்களே. அவர்கள் தேடித் தந்த மீட்டர்களைத்தான் நாம் நம் லென்ஸின் பெருமையாக எழுதிக்கொள்கிறோம்.

5. வாடிவாசல் நிரூபணம்

மறுப்பாளர் கூறுவர்: ஏரிக்கரையில் வென்ற 600 மி.மீ. வாடிவாசலிலும் வெல்லும், பெரியது சிறியதை உள்ளடக்கும் என்பது நியாயம்.

அளந்து பார்ப்போம். தடுப்புக்கு இப்பால் நிற்கும் படக்காரருக்கும் காளைக்கும் 15 மீட்டர் எனக் கொள்க. அத்தொலைவில் 600 மி.மீ. லென்ஸ் காணும் அகலம் 90 செ.மீ. திமில் தெரியும், அதைப் பற்றிய ஒரு கை தெரியும். கைக்கு உரியவர் யார், அவர் பிடித்தாரா விட்டாரா என்பது தெரியாது. பரிசு யாருக்கு என்ற வழக்கில் அப்படம் சாட்சியாகாது. 200 மி.மீ. லென்ஸோ 2.7 மீட்டர் அகலம் காணும். காளையும் வீரரும் சேர்ந்து அடங்குவர். ஆகவே இங்கே வேண்டுவது 70–200 மி.மீ., அதுவும் எஃப் 2.8. தை மாதக் காலை வெளிச்சத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி வேகம் வேண்டும். எஃப் 6.3 உடைய லென்ஸைவிட எஃப் 2.8 ஐந்து மடங்கு ஒளி வாங்கும். காளை வெளியேறி ஓடும்போது மறுபுறம் திரும்பக் கழுத்தில் 24–70 மாட்டிய இன்னொரு காமிரா. களத்தில் கொட்டிய தென்னைநார்க் கழிவும் புழுதியும் பறக்கையில் லென்ஸ் மாற்றுவது சென்சாருக்குத் தூபம் போடுவதாகும்.

ஆய்வு வினாவுக்கு விடை இங்கே கிடைக்கிறது. திணை ஒன்று, லென்ஸ் ஒன்றன்று.

அடுத்து வேகம். 2023-இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 III வினாடிக்கு 120 படம் எடுக்கும். சென்சார் முழுவதையும் ஒரே நொடிப்பில் படிப்பதால் சுழலும் கொம்பும் வளைந்து தெரியாது. இது மெய்யான சிறப்பு, மறுப்பதற்கில்லை. ஆயின் ஒரு காளைக்கு மூன்று வினாடி, ஒரு நாளுக்கு 500 காளை எனக் கொண்டால், 120 வேகத்தில் 1,80,000 படங்கள் சேரும். ஒன்றுக்கு ஒரு வினாடி செலவிட்டுப் பார்த்து முடிக்க 50 மணி நேரம். தை முதல் தேதி அவனியாபுரம், இரண்டாம் தேதி பாலமேடு, மூன்றாம் தேதி அலங்காநல்லூர் என்று மூன்றுக்கும் சென்றவர் 150 மணி நேரம் அமர வேண்டும். மாசி பிறந்த பிறகும் அவர் தை இரண்டாம் தேதியில் இருப்பார்.

மறுப்பாளர் மீண்டும் கூறுவர்: பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய கணங்களையும் சேர்த்துவைக்கும் ப்ரீ-கேப்சர் வந்துவிட்டது, இனிக் காத்திருத்தல் எதற்கு? விடை: அது சேர்த்துவைப்பது ஏறக்குறைய ஒரு வினாடியை. பொத்தானைப் பாதி அழுத்தியபடி வாசலையே பார்த்திருக்க ஆள் வேண்டும். கருவி மன்னிப்பது விரலின் தாமதத்தை. ஆளின் இல்லாமையை அன்று. வாசலுக்கு உள்ளே எந்தக் காளை நிற்கிறது என்பதை வர்ணனையாளர் முன்கூட்டியே ஒலிபெருக்கியில் சொல்லிவிடுவதும் உண்டு. அதைக் கேட்பதற்குக் காது போதும். அதற்குப் பொருத்துவாய் (மவுண்ட்) கிடையாது.

6. களவும் கற்பும்

லென்ஸ் வாங்கும் ஒழுக்கம் இருவகைப்படும். களவாவது, வீட்டார் அறியாமல் வாங்குவது. பார்சல் அலுவலக முகவரிக்கு வரும். வீட்டில் கண்டவர் கேட்டால், "நண்பனுடையது, ரெண்டு நாள் வெச்சிருக்கேன்" என்பது மரபு. முகவரி தவறி வீட்டுக்கே வந்துவிட்டால் கூரியர்க்காரர் வாசலில் நின்று, "லென்ஸ் பார்சல்மா, ஓ.டி.பி. சொல்லுங்க" என்று உரக்கக் கேட்டு அறத்தொடு நிற்பார். அதன்பின் வரைவு கடாதல் வங்கியின் வேலை.

கற்பாவது மவுண்ட். எந்தக் காமிராவைக் கைப்பிடித்தீரோ அதன் வாய்க்குப் பொருந்தும் லென்ஸ்களோடு வாழ்வதே இல்லறம். கேனான், நிக்கான், சோனி என்னும் மூன்று குடிகளிடையே அடாப்டர் வழி உறவாடுவோரும் உண்டு. குவியம் சற்றுத் தயங்கும். ஒரு குடியிலிருந்து இன்னொன்றுக்கு முற்றும் மாறுவோர் பழையவற்றைப் பாதி விலைக்கு விற்றுப் புதியவற்றை முழு விலைக்கு வாங்குவதால் அவர்களைத் துறவியர் என்றே வகுக்கலாம்.

7. முடிபு

மேற்கண்டவற்றால் பெறப்படுவன:

ஏரிக்கரைக்கு 150–600 அல்லது 200–600 வகை ஜூம் ஒன்று. வாடிவாசலுக்கு 70–200, எஃப் 2.8. பழைய காமிரா நன்றாக ஓடுமாயின் அதுவே போதும். மிஞ்சும் பணம் லென்ஸுக்கு. எதையும் வாங்குமுன் ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்துப் பார்க்க. 2 கிலோ என்பது பெட்டியில் அச்சிட்ட எடை, மாலை நான்கு மணிக்குத் தோளில் வேறு எடை. காலை வெயில் ஏறுமுன் போய்விடுக. கூட்டருகே செல்லாதீர், பறவையின் குரலைக் கைபேசியில் ஒலிக்கவிட்டு அதை ஏமாற்றாதீர், ஃபிளாஷ் வேண்டா. வாடிவாசலில் தடுப்புக்கு இப்பாலேயே நிற்க. காளைக்கு உமது மவுண்ட் எதுவென்று தெரியாது.

இவ்வளவும் செய்த பின்னும் படம் சரியாக வரவில்லையெனில், 100 மி.மீ. குறைகிறது என்ற எண்ணம் எழும். எழுந்தால் அடுத்த ஞாயிறும் அதே லென்ஸோடு, அதே கரையில், ஒரு மணி நேரம் கூடுதலாக உட்காருக. முல்லைக்கு உரியது இருத்தல். அதற்குத் தவணையும் இல்லை, ஜி.எஸ்.டி.யும் இல்லை.