மிச்ச மெமரி எங்கே?

சிவகாசி காலண்டர் அச்சக அண்ணாச்சி, பழைய கணினிக்கு 4 ஜிபி ராம் வாங்கிப் போட்டார். லினக்ஸ் 3.2 ஜிபிதான் காட்டியது. போதாக்குறைக்கு அடிக்கடி உறைந்தது. "மிச்சத்தை எவன் தின்னான், தம்பி?"

யாரும் தின்னவில்லை. 32 பிட் முகவரிக் கணக்கு 4 ஜிபியோடு முடியும்; அதன் மேல்முனையை பயாஸ் கிராபிக்ஸ் கார்டு முதலானவற்றுக்கு ஒதுக்கிவிடும். அந்த ஒதுக்கீட்டு வரைபடமே பிசகினால், இல்லாத இடத்தில் இயங்குதளம் கால் வைத்துக் கவிழும். கிரப் பூட்லோடரில் 'மெம்=3ஜி' என்று ஒரு வரி சேர்த்தேன். இதற்குமேல் தொடாதே என்று அர்த்தம்.

"எழுதி வச்சா கேக்குமா?"

பட்டாசு ஆலை அறைச் சுவரிலும் இத்தனை ஆள், இத்தனை கிலோ மருந்து என்று பெயிண்டில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள், அண்ணாச்சி. லினக்ஸ் கேட்கிறது.