ஞாயிறு இரவில் ஒரு யாளி செய்வது எப்படி

உலகில் இல்லாத ஒரு விலங்கைக் கொம்பியூட்டரில் செதுக்கி வரும்படி சித்திர ஆசிரியை சொல்லி மூன்று கிழமை ஆகிவிட்டது. நாளை திங்கள், காலை எட்டு மணிக்கு வகுப்பு. இப்போது ஞாயிறு இரவு ஒன்பதரை. பதறாதீர்கள், தம்பி தங்கச்சிமாரே. வேலை தொடங்க இதைவிட நல்ல நேரம் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். கீழே உள்ளவற்றை வரிசையாகச் செய்யுங்கள்.

1. எந்த உயிருள்ள விலங்கையும் பார்க்காதீர்கள், எலும்புக்கூட்டையும் பார்க்காதீர்கள். பாரிஸுக்குப் பக்கத்துப் பொபினியில் ஐந்தாம் இலக்க மெட்ரோவில் ஏறிக் குந்தினால், மாறாமலே ஒஸ்தர்லிட்ஸில் இறங்கலாம். பக்கத்தில் ஜார்தன் தே பிளாந்த் பூங்கா. அதற்குள் 1898இல் திறந்த எலும்புக்கூட்டுக் காட்சிச்சாலை. யானை, குதிரை, காண்டாமிருகம் எல்லாம் தோலைக் கழற்றிவிட்டு ஒரே திசையில் ஊர்வலம் போவதுபோல் நிற்கும். அங்கே போனால் வினை. குதிரையின் பின்காலில் பின்னோக்கி மடிவதுபோல் தெரிவது முழங்கால் அல்ல, குதிக்கால் என்று தெரிந்துவிடும். உண்மையான முழங்கால் மேலே, வயிற்றோடு ஒட்டினாற்போல், நம்முடையதைப்போலவே முன்னோக்கி இருக்கும். இதை ஒருமுறை கண்டவர் பிறகு நிம்மதியாகக் கால் வைக்க முடியாது. நீங்கள் காணவில்லை. ஆகவே கால்களை விரும்பிய பக்கம் மடியுங்கள்.

2. யாளி செய்வதென்று முடிவெடுங்கள். சிங்க உடலும் யானைத் துதிக்கையும் என்றால் பாதி வேலை முடிந்தது. ஆசிரியைக்கு யாளி தெரியாது. அப்பாவுக்குத் தெரியும், ஆனால் அவர் இன்னும் வேலையால் வரவில்லை. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் சாளுவன்குப்பத்தில் ஒரு பாறைக் குகையின் வாயைச் சுற்றிப் பதினொரு யாளித் தலைகள் இருப்பதும், ஊர் அதைப் புலிக்குகை என்று அழைப்பதும் உங்களுக்கு வேண்டாத விஷயம். படம் தேடினால் முதலில் வருவதை எடுங்கள். இரண்டாவது படத்தைப் பார்த்தால் சந்தேகம் வரும்.

3. செதுக்கும் மென்பொருளான பிளெண்டர் இலவசம். 2002இல் பொதுமக்களிடம் ஒரு லட்சம் யூரோ சேர்த்து அதன் மூல நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். சும்மா கிடைப்பதில் என்ன தரம் இருக்கப்போகிறது? ஆகவே படங்களுக்குப் பூதம் செய்கிறவர்கள் வைத்திருக்கும் ஸீபிரஷ்ஷைக் களவாய் இறக்கத் தேடுங்கள். பதினொரு மணிவரை தேடலாம். லப்டொப்பில் மூன்று புதிய விளம்பரங்கள் குடிவந்த பிறகு பிளெண்டருக்குத் திரும்புங்கள்.

4. செதிலில் தொடங்குங்கள். உருவம், எடை, நிற்கும் விதம் எல்லாம் பிறகு தானாக வரும். முட்டை வடிவில் ஒரு கட்டி இருந்தால் போதும், அதன்மேல் ஒவ்வொரு செதிலாகப் பதியுங்கள். செதில் கூர்மையாக வரவில்லையா? பரப்பைப் பிரியுங்கள். ஒவ்வொரு அமுக்கிலும் ஒரு முகம் நான்காகும். ஆறு முகமுள்ள பெட்டியைப் பத்துத் தடவை பிரித்தால் 62,91,456 முகங்கள். லப்டொப் விசிறி இரைய ஆரம்பித்தால் சரியான பாதையில் போகிறீர்கள் என்று அர்த்தம். அந்தச் சத்தத்தில் அம்மா எட்டிப் பார்த்து, "என்னடா இது, பலாப்பழமே?" என்று கேட்பார். பதில் சொல்லாதீர்கள். இனி அந்தக் கட்டிக்குக் கழுத்து இழுக்க முயன்றால் செதிலெல்லாம் சவ்வாய் இழுபடும். அதனால் கழுத்து வேண்டாம்.

5. சமச்சீரை அணைக்காதீர்கள். பிளெண்டரில் செதுக்கத் தொடங்கும்போதே இடமும் வலமும் ஒன்றுபோல் நடக்கும்படிதான் வைத்திருக்கிறார்கள். அவர்களைவிட உங்களுக்கு என்ன தெரியும்? இடது கண்ணைக் குத்தினால் வலது கண்ணும் குத்துப்படட்டும். உங்கள் யாளி தலையைத் திருப்பாது, ஒரு காலைத் தூக்காது, பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பதுபோல் நேரே பார்க்கும். கோயில் தூணில் இருக்கிறது முன்கால் இரண்டையும் தூக்கி எழுந்து பாய்கிறதே என்று யாரும் கேட்டால், அது தூணைத் தாங்க வேண்டியிருந்தது, இது எதையும் தாங்கவில்லை என்று சொல்லுங்கள். இது ஒன்றுதான் நீங்கள் சொல்லப்போகும் உண்மை.

6. யோசிக்காமல் கீறுங்கள், பிழைத்தால் பின்னே போங்கள். பிளெண்டர் 32 படி பின்னே போக விடும். போதாது, அமைப்புக்குள் போய் 256 ஆக்குங்கள். தென்னாட்டுக் கோயில்கள் பலவற்றில் யாளியின் வாய்க்குள் ஒரு கல்லுருண்டை கிடக்கும். விரலை விட்டு உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது. வெளியில் செய்து உள்ளே போட்டதல்ல அது. அதே கல்லில், பல்லுக்கும் பல்லுக்கும் இடையால் உளியை விட்டு, சுற்றிவரக் கொத்திக் கொத்திப் பிரித்தெடுத்தது. ஒரு அடி பலமாய் விழுந்தால் பல் போகும், பல் போனால் தூணே போகும். பாவம், அந்த மனிசருக்குக் கொன்ட்ரோல் இசட் இல்லை. நீங்கள் ஒரு பந்தைச் சேர்த்து வாய்க்குள் தள்ளுங்கள், இரண்டு விநாடி. அது தாடையைத் துளைத்துக்கொண்டு கன்னத்தால் வெளியே தெரிந்தால் அதற்குப் பரு என்று பெயர் வையுங்கள்.

7. தலை பிடிக்கவில்லையா, மாற்றுங்கள். கந்தசஷ்டியில் சூரன்போர் பார்த்திருப்பீர்கள்: யானைத் தலையைக் கழற்றிவிட்டுச் சிங்கத் தலையைப் பூட்டுவார்கள், உடம்பு அதே மர உடம்பு. இணையத்தில் இலவச டிராகன் தலைகள் நிறைய. ஒன்றை இறக்கி முட்டையின்மேல் வையுங்கள். கழுத்து இல்லாதது இப்போது வசதி. தலையும் உடலும் ஒட்டியிருக்க வேண்டியதில்லை, ஒன்றுக்குள் ஒன்று புதைந்திருந்தால் போதும். பள்ளிக்கூடத்து முப்பரிமாண பிரின்டர் அதைப் பார்த்துக் குழம்பினால் பிழை பிரின்டருடையது.

8. சிறகு. யாளிக்கு எங்கே சிறகு என்று கேட்காதீர்கள், இடம் காலியாக இருக்கிறது. தோளெலும்பு, தசை ஒன்றும் வேண்டாம், நடுமுதுகில் குத்துங்கள்.

9. பின்பக்கம் செய்யாதீர்கள்.

10. நீங்கள் தினமும் ஏறி இறங்கும் மெட்ரோ நிலையத்துக்குப் பொபினி – பப்லோ பிக்காசோ என்று பெயர். அந்த ஆள் 1942இல் ஒரு பழைய சைக்கிள் இருக்கையையும் ஹான்டிலையும் எடுத்து ஒன்றோடொன்று பொருத்தினார். காளைத் தலை வந்துவிட்டது. செதில் இல்லை, சிறகு இல்லை, இரண்டே துண்டு. இப்படிப்பட்ட பழக்கங்களுக்கு அடிமையாகாதீர்கள். காளையை அவ்வளவு காலம் பார்த்தவருக்குத்தான் அது சரிப்படும். நீங்கள் முதலாம் படியிலேயே அந்த ஆபத்தைத் தவிர்த்துவிட்டீர்கள்.

11. இரவு இரண்டு மணிக்குப் படம் எடுங்கள். பின்னணி கறுப்பு, கீழிருந்து சிவப்பு வெளிச்சம், காலடியில் புகை. புகை முழங்கால்வரை வரட்டும். முழங்கால் எதுவென்று தெரியாததால் இடுப்புவரை விடுங்கள்.

12. பிரெஞ்சுச் சித்திர ஆசிரியர்களுக்குப் பொருளைவிட தெமார்ஷ் முக்கியம்: எங்கிருந்து தொடங்கினாய், ஏன் இப்படி வந்தாய் என்று எழுதித் தர வேண்டும். இதை எப்போதும் கடைசியில், வேலை முடிந்த பிறகு கண்டுபிடியுங்கள். கழுத்து இல்லாததற்குப் புலம்பெயர்வு என்று எழுதுங்கள். சிறகு இருப்பதற்கும் புலம்பெயர்வு. கன்னத்துப் பந்து, சொல்லப்படாத தாய்மொழி. உங்களைப் பெற்றவர்கள் உண்மையாகவே பட்ட பாட்டை ஒரு கோணல் தாடைக்கு முட்டுக்கொடுக்கப் பாவிக்கிறோமே என்று கொஞ்சம் கூசும். விடியப்போகிறது, கூச நேரமில்லை. அடுத்து, "பழைமையான மரபு" என்று ஒரு வரி சேருங்கள். நோத்ர்டாமின் மேல்மாடத்திலிருந்து நகரத்தைப் பார்க்கும் கொம்புப் பூதங்களை இடைக்காலத்தவை என்றுதான் வருகிறவர்களெல்லாம் நம்புகிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் வியோலே-லெ-துயுக் கோயிலைப் புதுப்பித்தபோது வைத்தவை அவை. அவருக்குச் செல்லுபடியானது உங்களுக்கும் ஆகும். அவர் ஒவ்வொன்றுக்கும் முதுகும் செய்திருந்தார் என்பது சின்ன வித்தியாசம்.

13. வகுப்பில் ஆசிரியை நல்ல மனதோடு ஒரு கேள்வி கேட்பார்: "இது என்ன சாப்பிடும்?" இதற்குத்தான் நீங்கள் ஆயத்தமாகவில்லை. வாயில் பல் எப்படி, வயிறு எவ்வளவு, ஓடிப் பிடிக்குமா, நின்று மேயுமா என்று ஒரு தடவைகூட நினைத்திருக்க மாட்டீர்கள். "எல்லாம் சாப்பிடும்" என்று சொல்லுங்கள். பிறகு அவர் மவுஸைப் பிடித்து உங்கள் யாளியை மெதுவாகத் திருப்பத் தொடங்குவார். ஒன்பதாம் படியை நினைத்து, கழிப்பறைக்குப் போக அனுமதி கேளுங்கள்.

14. கோப்பை அழிக்காதீர்கள். தங்கச்சிக்கு இரண்டு வருஷத்தில் இதே பாடம், இதே ஆசிரியை. நிறத்தை மட்டும் நீலமாக்கச் சொல்லுங்கள்.