காரைக்குடி மெய்ப்பாட்டியல்

படம் பார்த்துவிட்டு வருகிறவரை நிறுத்தி ‘எப்படி?’ என்று கேட்டால் மற்ற ஊர்களில் கதை சொல்வார்கள். காரைக்குடியில் கணக்குச் சொல்வார்கள். போன நேரம், வந்த நேரம், டிக்கெட், ஆட்டோ, இடைவேளையில் தின்ற பப்ஸ், அந்தப் பப்ஸ் ஆறிப்போயிருந்தது என்ற குறிப்பு. இவ்வளவும் பற்றில் ஏறிவிடும். இதற்கு எதிராக வரவில் எழுத நாயகன் என்ன கொடுத்தான் என்று பார்ப்பதற்கே இங்கே திரைவிமர்சனம் என்று பெயர்.

பழக்கம் பழையது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய் வட்டிக்கடை வைத்த நகரத்தாரிடம் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன், நாள்வழிச் சிட்டை எழுதப் பழகி, பேரேட்டில் பெயர்க்கத் தேறி, ஐந்தொகையை இடிக்காமல் கட்டக் கற்றபிறகுதான் ஆளாக மதிக்கப்பட்டான். அந்தக் கடைகள் போய் வெகுகாலம் ஆகிறது. எழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா? சினிமாவைப் பிடித்துக்கொண்டது. இத்துறைக்கு இதுவரை இலக்கண நூல் இல்லாதது தமிழுக்கு ஒரு குறை என்று பட்டதால் இதை எழுதத் துணிந்தேன். அவையடக்கம் தனியே பாடவில்லை, இருந்ததாகக் கொள்க.

ஆய்வுக்களம் எங்கள் வீட்டு வளவுப் பத்தி, அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம். கருவி, அங்கே மாட்டியிருக்கும் டி.வி. அவையத்தார் மூவர். அப்பத்தாவுக்கு 91 வயது. அவர் மூத்த மகனான பெரியப்பச்சிக்கு 72. உரையாசிரியனாகிய எனக்கு 44. அப்பத்தாவுக்கு 3 ஆண்டுகளாகக் கண்புரை. ஆபரேஷனுக்கு நாள் பார்த்துக்கொண்டே இருக்கிறார், நாள் சரியில்லை. எட்டடிக்கு அப்பால் அவருக்கு எல்லாம் நிழல். ஆகவே நடிகர்களின் முகத்தைப் பற்றி அவர் கூறும் தீர்ப்புகளில் முகத்தின் செல்வாக்கு சிறிதும் இராது. ஆய்வு நடுநிலைக்கு இதைவிட உறுதியான ஏற்பாட்டை நான் அறியேன்.

உணர்ச்சி உடலில் வெளிப்படும் மெய்ப்பாடு 8 என்றார் தொல்காப்பியர். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. ஒவ்வொன்றுக்கும் பிறக்குமிடம் 4, ஆக 32. பரதமுனியும் சுவை எட்டென்றே எண்ணினார். அவர் சிருங்காரத்தில் தொடங்கினார், நம்மவர் நகையில் தொடங்கினார். யார் எந்த ஊர்க்காரர் என்பது இதிலேயே விளங்கும். தொல்காப்பியரிடம் குறை ஒன்று உண்டு. அச்சம் பிறக்குமிடம் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கோடு நிறுத்திவிட்டார். பங்காளியைச் சேர்க்கவில்லை. அவர் செட்டிநாட்டுப் பக்கம் வந்ததில்லை என்பதற்கு இதுவே அகச்சான்று.

இனி அண்மையில் பார்த்த படங்கள்.

‘மெய்யழகன்’ 2024 செப்டம்பரில் வந்தது; நாங்கள் பார்த்தது வெகுநாள் கழித்து. சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை விட்டுக் கிளம்பிய குடும்பத்துப் பையன் அரவிந்த்சாமி. இருபது வருடத்துக்குமேல் ஆனபின் தங்கச்சி முறைப் பெண்ணின் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். அங்கே கார்த்தி ‘அத்தான் அத்தான்’ என்று ஒட்டிக்கொள்கிறார். இவருக்கோ அவர் யாரென்றே தெரியவில்லை. பெயரைக் கேட்கவும் கூச்சம். படம் முழுக்க இந்த ஒரு பெயர்தான் பாக்கி நிற்கிறது.

வீட்டைக் காலிசெய்யும் கட்டத்தில் எங்கள் பத்தியில் பேச்சு நின்றது. அப்பத்தாதான் முதலில் வாயைத் திறந்தார்.

“சாவி யாரு கையில இருக்கு?”

“சினிமா அப்பத்தா.”

“சினிமாவா இருந்தா சாவி இருக்காதா?”

எங்கள் வளவுக்கு 11 பங்கு. சாவிக்கொத்து ஒன்று. திருவிழாவுக்கு ஒருதரம், கல்யாணத்துக்கு ஒருதரம் அது கை மாறும்; மாறுகிறபோதெல்லாம் யாராவது ஒருவர் பேச்சை நிறுத்துவார். ஆகவே அந்தக் காட்சியில் நடிகர் என்ன செய்தார் என்று எங்களில் யாரும் பார்க்கவில்லை. என் சிட்டையில் அன்றைய தேதியில் ‘கண்ணில் தூசி’ என்று ஒரு பதிவு இருக்கிறது. அழுகை பிறக்கும் நான்கில் இரண்டாவது இழவு. இழத்தல் என்பது பொருள்; அதன் கீழ் அடக்கினேன்.

அரவிந்த்சாமியின் நடிப்பைப் பற்றித்தான் அவையில் கருத்து வேறுபட்டது. பெயர் தெரியாத மனிதரிடம் மாட்டிக்கொண்டவரின் முகம் எப்படி இருக்கும் என்று அவர் செய்து காட்டுகிறார். உதடு சிரிக்கிறது. கண் சிரிக்காமல் நெற்றிக்குப் பின்னால் எதையோ துழாவுகிறது. வாயில் வருவதெல்லாம் பெயர் தேவைப்படாத வாசகங்கள். நான் மிக நுட்பமான நடிப்பு என்றேன். பெரியப்பச்சி ஒப்பவில்லை.

“இதுல நடிப்பு எங்கருந்து வந்துச்சு? கல்யாண வீட்டுல ‘எப்ப வந்தீக, வீட்டுல எல்லாரும் சௌக்கியமா’ன்னு நாப்பது வருசமா இதைத்தான் செஞ்சுக்கிட்டு இருக்கேன். ஒரு பய கேமரா வைக்கலையே.”

கார்த்தியைப் பற்றி அப்பத்தாவின் தீர்ப்பு சுருக்கமானது. “அந்தப் பய மூச்சுவிடாமப் பேசுறான். ஆனா பொய்ச்சத்தம் இல்லை.” பொய்ச்சத்தம் என்பது அப்பத்தாவின் கலைச்சொல். குரல் ஒன்று சொல்ல, மூச்சு வேறு சொன்னால் பொய்ச்சத்தம். இதற்கு ஈடான சொல்லை வேறு எந்த நாடக நூலிலும் நான் கண்டதில்லை.

அந்தப் படம் ஏறத்தாழ மூன்று மணி நேரமாக வெளிவந்து, நீளம் என்ற புகார் எழுந்ததும் சில நாளில் 18 நிமிடம் வெட்டப்பட்டது. முதல் நாளே முழுசாகப் பார்த்தவருக்கு அந்த 18 நிமிடம் வரவா, பற்றா? பெரியப்பச்சி பென்சிலோடு உட்கார்ந்தார். காப்பி ஆறியது. விடை கிடைக்காததால் அந்தத் தொகை எங்கள் வீட்டில் எந்தப் பேரிலும் ஏறாமல் இன்னும் அனாமத்தில் நிற்கிறது.

‘மகாராஜா’வில் முதல் நெருக்கடி பெயரால் வந்தது. முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் விஜய் சேதுபதி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், தன் வீட்டுக் குப்பைத்தொட்டியைக் காணோம், அதன் பெயர் லட்சுமி என்று புகார் கொடுக்கிறார். வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருந்த அப்பத்தா எழுந்து போய்விட்டார். அந்தத் தொட்டிக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று விளக்கி அழைத்து வர 20 நிமிடம் ஆனது. அதற்குள் படம் முன்னும் பின்னும் காலம் தாண்டியிருந்தது. சம்பவங்களைத் தேதி வரிசையில் சொல்லாமல் மாற்றி அடுக்கியிருப்பதுதான் அந்தப் படத்தின் வித்தை. ஊரெல்லாம் மெச்சிய அந்த வித்தையைப் பெரியப்பச்சி ‘தேதி இல்லாச் சிட்டை’ என்ற ஒரே சொல்லில் ஒதுக்கினார். ரங்கூனில் ஒரு பையன் இப்படி எழுதியிருந்தால் அடுத்த கப்பலில் ஊருக்கு அனுப்பியிருப்பார்களாம்.

நடிப்பைப் பற்றி மட்டும் அவருக்கு மறுபேச்சில்லை. விரட்டினாலும் கேலி செய்தாலும் அந்த மனிதர் அதே இடத்தில், அதே குரலில், அதே புகாரைச் சொல்லிக்கொண்டு நிற்கிறார். வாராக்கடனுக்குப் போனவர் திண்ணையில் உட்கார்ந்து காட்ட வேண்டிய முகம் அதுதான். கோபம் காட்டினால் கடன்காரன் தப்பித்துவிடுவான், கெஞ்சினாலும் தப்பித்துவிடுவான். காலையில் வந்து, செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்து, சாயங்காலம்வரை ஒன்றும் பேசாமல் இருப்பவரிடம்தான் பணம் வரும். விஜய் சேதுபதிக்கு அது 50ஆவது படம். “அம்பது படத்துல வசூல் பண்ணப் படிச்சுட்டான்” என்று பெரியப்பச்சி வரவு வைத்தார்.

‘லப்பர் பந்து’வில் மாமனாரும் மருமகனும் கிரிக்கெட்டில் மோதுகிறார்கள். கல்யாணத்துக்கு முன்பே இவ்வளவு மரியாதைக் குறைவு நடந்திருக்க, கல்யாணச் சீர் எழுதும் முறைச்சிட்டையில் கையெழுத்துப் போட எந்த வீட்டார் வருவார்கள் என்ற கேள்விக்குப் படத்தில் பதில் இல்லை. ஆகவே தினேஷ், ஹரீஷ் கல்யாண் இருவருடைய நடிப்பும் விவாதத்துக்கு வரவே இல்லை.

படங்களை விட்டு நடிப்புக் கொள்கைக்கு வருவோம். பிரெஞ்சு அறிஞர் திதெரோ நடிகனைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் இறந்து பல காலம் கழித்து 1830இல் அச்சேறியது. பெரிய நடிகன் தான் உருகுவதில்லை, குளிர்ந்த தலையோடு நின்று பார்ப்பவரை உருக்குகிறான் என்பது அவர் வாதம். உரையாடல் வடிவில் பக்கம் பக்கமாகப் போகிறது. அப்பத்தா இதை ஒரு சீரியலின்போது கூறினார்: “அவளே அழுதுட்டா நாம எதுக்கு இருக்கோம்?”

இந்தத் தெளிவு அப்பத்தாவுக்கு ஊரால் வந்தது. காரைக்குடியில் கிராமபோன் தட்டு விற்ற கடையிலிருந்து கிளம்பிய ஏ.வி.மெய்யப்பன், உலகப்போரால் சென்னையில் இடம் சிக்கலாகிவிட, ஊருக்குத் திரும்பித் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ போட்டார். ஏவி.எம். என்ற நிறுவனப் பெயர் 1945இல் வந்தது. ‘நாம் இருவர்’ இங்கேதான் உருவாகி 1947இல் வெளிவந்தது. மறு வருடம் ஸ்டுடியோ சென்னைக்குப் போய்விட்டது. பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தகப்பனாரின் மனநிலையில் ஊர் அதன்பிறகு கோடம்பாக்கத்தைக் கவனித்து வருகிறது. மெய்ப்பாடு, மெய்யப்பன், மெய்யழகன் என்று ‘மெய்’ இந்த நூலில் மூன்றுதரம் வருவதை வாசகர் தற்செயல் என்று எண்ணவேண்டாம். நான் எண்ணவில்லை.

‘நாம் இருவர்’ படத்தைப் போன மாதம் திரும்பப் போட்டோம். நாயகன் டி.ஆர்.மகாலிங்கம். அப்பத்தாவின் சாய்வோ வேறு பக்கம். கள்ளமார்க்கெட் சண்முகம் பிள்ளையாக, கிழவனாக வருகிறாரே வி.கே.ராமசாமி, அவருக்கு அப்போது வயது 21. இளிவரலின் முதல் பிறப்பிடம் மூப்பு. 21 வயதில் மூப்பைக் கடன் வாங்கிய அவர் சாகும்வரை, 2002வரை, அதைத் தவணை தவறாமல் கட்டினார். தகப்பனார், மாமனார், பண்ணையார் என்று அசலை விட வட்டி அதிகமாகக் கட்டியவர் தமிழ் சினிமாவில் அவரைப் போல் வேறொருவர் இல்லை.

“அந்தக் கெழவன் இன்னும் இருக்காகளா?” என்று அப்பத்தா கேட்டார். அப்பத்தா 13 வயதில் அந்தப் படத்தைப் பார்த்தபோது அவரைவிட 8 வயதுதான் மூத்தவர் அந்தக் கெழவன். அதைச் சொன்னேன். நம்பவில்லை.

மெய்யப்பன் அதற்கு முன் எடுத்த ‘ஸ்ரீவள்ளி’யில் வள்ளி குமாரி ருக்மிணி. பாட்டுக்கு அவர் குரல் போதவில்லை என்று பட்டதும் பி.ஏ.பெரியநாயகியின் குரலை ஏற்றினார்கள். முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. விமர்சகர்கள் இந்த நடிப்பை யார் பெயரில் எழுதுவது என்று குழம்பலாம். நாங்கள் குழம்பவில்லை, கூட்டு வியாபாரத்தில் யார் முதல், யார் உழைப்பு என்று பிரித்தெழுத எங்களுக்குத் தெரியும். அப்பத்தா பெரியநாயகிக்கு முழுப் பங்கையும் எழுதினார். அவருக்குக் கேட்டது அவரைத்தான்.

தீராத கணக்கு ஒன்று உண்டு. காரைக்குடிக்குப் பக்கத்துச் சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன், மருது சகோதரர்களை வைத்து எஸ்.எஸ்.ராஜேந்திரன் நடிக்க ‘சிவகங்கைச் சீமை’யைக் கைக்காசு போட்டு எடுத்தார். 1959 மே மாதம் வந்தது. அதே மே மாதம் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வந்தது. அது வண்ணம், இது கறுப்பு வெள்ளை. அதில் சிவாஜி. மறுவருடம் கெய்ரோவில் சிறந்த நடிகர் பரிசே வாங்கிவிட்டார். பெருமிதம் பிறக்குமிடம் கல்வி, தறுகண், இசைமை, கொடை என்பது நூல். தறுகண்ணை ஓர் ஆள் இவ்வளவு உரக்கக் காட்டினால் பக்கத்துக் கொட்டகையில் ஓடும் படத்துக்கு என்ன கதி என்பது நூலில் இல்லை.

கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டபின் அவர் தம்பி ஊமைத்துரைக்கு இடம் கொடுத்தவர்கள் மருது சகோதரர்கள். அதுவும் காரணமாகி 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலேறினார்கள். இங்கிருந்து அரைமணி பஸ். அடைக்கலம் கொடுத்த கணக்கு ஒருபக்கம், வசூல் போன கணக்கு ஒருபக்கம். ஆகவே சிவாஜியின் நடிப்பைப் பற்றிப் பெரியப்பச்சியிடம் கேட்டால் 66 வருடமாக ஒரே பதில்தான்: “நல்லாத்தான் செஞ்சாக. ஊமைத்துரை பாக்கி அப்படியே இருக்கு.” படம் வந்தபோது அவருக்கு வயது 6.

கடைசியாக வீடுகளின் நடிப்பு. ஜேன் ஆஸ்டின் 1811இல் வெளியிட்ட நாவலைத் தழுவிய ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ 2000இல் வந்தது. வீட்டை இழக்கும் குடும்பத்தின் கதை. அந்த வீடு செட்டிநாட்டு வீடு. ஐஸ்வர்யா ராய், தபு, மம்மூட்டி, அஜித் என்று நடிகர் பட்டியல் நீளம். எங்கள் பக்கத்துப் பார்வையாளர்களோ அந்தப் படத்தில் தேக்குத் தூண்களையும் தரையையும்தான் பார்த்தார்கள். அதன்பின் எந்தப் படத்தில் வளவு வந்தாலும் நாயகன் முகம் மறைந்தாலும் பரவாயில்லை, நிலைக்கதவு தெரிகிறதா என்று பார்ப்பது மரபாயிற்று.

எங்கள் வளவையும் ஒரு படக்கம்பெனி இரண்டு நாள் வாடகைக்கு எடுத்தது. போன வாரம் அந்தப் படம் டி.வி.யில் வந்தது. நாயகன் வளவில் நின்று மூன்று நிமிடம் குலுங்கி அழுதார். 11 பங்குக்காரரில் 7 பேர் வந்து உட்கார்ந்து பார்த்தார்கள். அழுகிறவரை யாரும் கவனிக்கவில்லை. அவர் தோளுக்குப் பின்னால் வடக்குப் பத்தியின் மூன்றாவது தூணில் ஒரு விரிசல் பளிச்சென்று தெரிந்தது.

“நிறுத்து, நிறுத்து. அந்தக் கீறல் ஷூட்டிங்குக்கு முன்னயா, பின்னயா?”

பின்னோக்கி ஓட்டினோம். முதல் நாள் எடுத்த பாட்டில் தூண் முழுசாக இருப்பதாக, கூட உட்கார்ந்து பார்த்த சின்னத்தான் சொன்னார். பெரியப்பச்சி, அது தெற்குப் பத்தித் தூண், முகம் வேறு என்றார். நாலுதரம் ஓட்டிப் பார்த்தோம். நாயகன் நாலுதரம் அழுதார். நாலாவது தடவையில் அப்பத்தா, “இவன் நல்லாத்தான் அழுறான், நீங்கதான் விடமாட்டேங்கிறீக” என்றார். மரத்தச்சரைக் கூப்பிட்டுப் பார்த்ததில் கூலியும் பொருளுமாக ஒரு தொகை சொல்லியிருக்கிறார். வந்த வாடகையை முன்பே 11ஆகப் பிரித்துவிட்டதால், இதை எந்தப் பேரில் பற்றெழுதுவது என்று முடிவுசெய்ய ஆனி மாதம் எல்லாரும் கூடுவதாக ஏற்பாடு. சாவி தற்போது மதுரையில் இருக்கும் பங்காளியிடம் இருக்கிறது.