உறுமல் ஒரு நோட்டீஸ்

கேள்வி: எங்கள் வீட்டு லாப்ரடார் பரம சாது. கொஞ்ச நாளாக, சோபாவில் படுத்திருக்கும்போது யார் கிட்டே போனாலும் உறுமுகிறது. நேற்று என் மகன்மேல் பாய்ந்தது. பல் லேசாகப் பட்டுவிட்டது. நாலு சாத்து சாத்தினால் வழிக்கு வருமா?
– வாசகி, மதுரை

பதில்: வராது. அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். உறுமல் என்பது நாய் அனுப்பும் நோட்டீஸ். கிழித்துப்போட்டால் வழக்கு தள்ளுபடி ஆகாது.

முதலில் மகன். கீறல்தானே என்று விடாதீர்கள். சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, இன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். அரசு மருத்துவமனையில் ரேபிஸ் தடுப்பூசி இலவசம்.

சாது திடீரென்று சீறினால் வலியைத்தான் சந்தேகிக்க வேண்டும். லாப்ரடாருக்குக் காதில் சீழ், இடுப்பு மூட்டுக் கோளாறு இரண்டும் சகஜம். காதைத் தொட்டால் தலையை வெடுக்கென்று இழுக்கிறதா, எழும்போது பின்னங்கால் தடுமாறுகிறதா என்று கவனித்து, கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வீட்டுச் சட்டம் அப்புறம். சோபா மனிதர்களுக்கு, நாய்க்குத் தரையில் தனிப் படுக்கை. இறக்கக் கழுத்துப்பட்டையை இழுக்காமல், வேகவைத்த கோழித் துண்டைக் காட்டிக் கூப்பிடுங்கள். சட்டம் வீட்டில் எல்லோருக்கும் ஒன்றுதான். பாட்டி விரட்ட, தாத்தா ரகசியமாகச் சோபாவில் ஏற்றிக்கொண்டால் எந்த நாய்தான் குழம்பாது? அது தின்னும்போதும் தூங்கும்போதும் பையன் கிட்டே போக வேண்டாம். மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை இருவரையும் தனியே விடாதீர்கள்.