பலாப்பழத்துக்கு ஒரு கம்பி வலை

கடலூரில் தார் ஜீப் வாங்கியவர் முதலில் மாட்டுவது முன்பக்க இரும்புக் கம்பி. 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு கூடாதென்று சொன்ன அதே கம்பிதான். ஏர்பேக் நேரத்துக்கு விரிவதையும் அது கெடுக்கலாம்.

பின்னால்? பண்ருட்டிப் பலாப்பழம், ஜாக்கி, சம்பந்தி வீட்டுக்குக் கருவாட்டு மூட்டை, எல்லாம் அவிழ்த்துவிட்ட கோயில் மாடுதான்.

முன்கம்பிக்குத்தான் இங்கே என்ன வேலை? காடு மேடு ஏற வந்த வண்டி சிதம்பரம் ரோட்டை விட்டு இறங்கியதில்லை. பிச்சாவரம் போனாலும் சுரபுன்னைக் காட்டுக்குள் படகுதான் போகும்.

60 கிலோமீட்டர் வேகத்தில் முட்டினால் வண்டி நிற்கும், பின்னால் கிடக்கும் பழம் நிற்காது. அதே வேகத்தில் பிடரிக்கு வரும். சீட்டுக்குப் பின்னால் பாடியோடு போல்ட் போட்ட கம்பி வலை, தரைக் கொக்கியில் கட்டிய பெட்டி: தேவை இவ்வளவே. முன்கம்பியைக் காயலான் கடையில் போடுங்கள், செலவில் கொஞ்சம் தேறும்.